வலிக்காத புண்

மாட்டு வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் பெரியப்பா, "மாடு வாயத் தொறந்து எங்க நோவுதுன்னு சொல்லுமாடா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். சென்னையில் மூன்று வருஷம் படித்து முடித்த பிறகு, அது கேலி அல்ல, எங்கள் தொழிலே அந்த ஒரு கேள்விதான் என்று தெரிந்தது. மாடு சொல்லாது. ஆகவே அதன் ரத்தத்தைப் பேச வைக்க வேண்டும். அதற்காகத்தான் கண்ணாடித் துண்டும் மைக்ராஸ்கோப்பும்.

கல்லூரியின் பின்கட்டில் லேபரட்டரி இருந்தது. மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் மாதிரிகள் அங்கே தபாலில் வந்து சேரும். ரத்தம் பூசிய கண்ணாடித் துண்டுகள் தீப்பெட்டிக்குள் வரும். பாதி உடைந்து வரும். சில சமயம் செத்த மாட்டின் காதை அப்படியே துணியில் சுற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பார்சலைத் தபால்காரர் வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். கூடவே ஒரு படிவம் வரும். நோயின் அறிகுறி என்ன என்ற கட்டத்தில் ஒருவர், "செத்துப்போயிற்று" என்று எழுதியிருந்தார். மாணவர்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் படித்துச் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான். ஊர்ப்புறத்தில் உட்கார்ந்துகொண்டு ஊகத்தில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு இளக்காரம். லென்ஸுக்கு அடியில் தெரிவதை மட்டும் எழுது, மற்றதை எழுதாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்களில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வைத்தியசாலை என்று ஓட்டுக் கட்டடம் ஒன்று, மருந்து அலமாரி ஒன்று, ஸ்பிரிட் விளக்கு ஒன்று, ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் துண்டுகள். மைக்ராஸ்கோப் கிடையாது. மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தது. மாட்டு ரத்தத்தை அதில் வைத்துப் பார்க்க அங்கே விடுவார்களா என்று நான் போய்க் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என் மரியாதை என்ன ஆவது என்று இருந்துவிட்டேன். எது வந்தாலும் சென்னைக்குத்தான் அனுப்புவேன். பதில் வர ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும்.

எனக்கு உதவிக்கு ஒரு பெரியவர் இருந்தார். அரண்மனை லாயத்தில் இருபது வருஷம் குதிரை தேய்த்தவர். எதைக் கொடுத்தாலும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார். கண்ணாடித் துண்டுகளை மட்டும் அழுக்காக வைத்திருக்கிறார் என்று நான் ஒருநாள் அவரைக் கண்டபடி திட்டினேன். அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கு அடுத்த வாரம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். மாசி மாதம். ஊர்த்தலைவர் அம்பலகாரரின் மாடு செத்துவிட்டது, உடனே வர வேண்டும் என்று ஆள் வந்தது. பஸ்ஸில் போய், அங்கிருந்து வண்டியில் போய்ச் சேர உச்சி வேளை ஆகிவிட்டது. மயிலைக் காளை. தொழுவத்து வாசலில் காலை விறைத்துக்கொண்டு கிடந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வழிந்திருந்தது. இதன் ஜோடி இரண்டு நாள் முன்னால் இதே மாதிரி செத்ததாகச் சொன்னார்கள். சாயந்திரம் தீனி தின்ற மாடு, விடிவதற்குள் போய்விட்டது.

வேப்பமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாடு கட்டும் கயிற்றால் அவருடைய கைகளைக் கட்டியிருந்தார்கள். அந்த ஊரில் செத்த மாட்டை எடுக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. தோல் அவர்களுக்கு. அதற்குப் பதிலாக விவசாயிகளுக்குச் செருப்பும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைச் சாலுக்குக் கீழே தொங்குகிற தோலும் தைத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தோல் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது. களத்தில் அறுவடையின்போது அவருக்கு நெல் அளப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் அவரை அவன், இவன் என்றுதான் பேசினோம். நானும் அப்படித்தான். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. செத்தவருக்கு மரியாதை கொடுப்பதில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

நடந்தது இதுதான். அம்பலகாரரின் கமலைத் தோல் கிழிந்துபோயிற்று. மிளகாய்த் தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. அவர் இவரைக் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் தோல் வரவில்லை என்றால் களத்தில் நெல் கிடையாது என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு இவர், "மாடு செத்தாத்தானுங்களே தோலு" என்று சொல்லியிருக்கிறார். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. மூன்றாம் நாள் மாடு செத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். முதல் மாடு செத்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்பலகாரரே நின்று தோலை உரிக்கச் சொன்னார். ஜோடி மாடும் செத்ததும்தான் அந்த வார்த்தை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. செத்த மாடு எவனுக்குப் போகிறதோ அவனே விஷம் வைத்துக் கொன்றான் என்பது அந்தக் காலத்தில் எழுதாத சட்டம்.

என்னைக் கண்டதும் மரத்தடியில் இருந்தவர் எழுந்து நின்றார். "அடைப்பானுங்க சாமி. மொத மாட்டுல கத்தி வச்சதுமே தெரிஞ்சு போச்சு. ரத்தம் கெட்டியாகவே இல்ல. தோலோட பொதச்சுருவோம்னு சொன்னேன். இவுகதான் தோலு வேணும்னாக."

"பாத்தீங்களா டாக்டரய்யா, எம்புட்டுத் தெளிவாச் சொல்றான்" என்றார் அம்பலகாரர். "வெசம் வச்சவனுக்குத்தான இதெல்லாம் தெரியும்?"

அடைப்பான் என்பது மாட்டைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும் நோய். செத்த மாட்டின் ரத்தத்திலும் தோலிலும் அதன் கிருமி இருக்கும். தொட்டவனுக்கும் வரும். அதனால் அப்படிச் சந்தேகம் இருந்தால் மாட்டை அறுக்கவே கூடாது. நான் அறுக்கவில்லை. காது நரம்பில் ஒரு கீறல் போட்டு, இரண்டு கண்ணாடியில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்தேன். தார் மாதிரி கறுப்பு. உறையவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவனுக்கும், கத்தி பிடித்தே வளர்ந்தவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, மாட்டைத் தோலோடு புதைக்கச் சொன்னேன். என் கண் முன்னாலேயே மூடினார்கள்.

அதற்குள் சப் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நல்ல மனிதர். முதல் மாட்டின் தோலைச் சாட்சிப் பொருளாகச் சுருட்டிக் கட்டச் சொல்லிவிட்டு, என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்.

"சார், அடைப்பான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இவன இப்பவே அவுத்து விட்டுர்றேன். எனக்கும் வேலை மிச்சம்."

"லேபரட்டரி முடிவு வராம நான் எழுத முடியாது."

"ஒங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறத எழுதக் கூடாது."

"முடிவு வர எத்தன நாளாகும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அப்ப அதுவரைக்கும் உள்ளதான் இருக்கணும்" என்றார்.

பாடம் பாடம் என்று நான் சொல்வது பாதிதான் உண்மை. அம்பலகாரருக்குத் தர்பாரில் ஆள் இருந்தது. நான் அடைப்பான் என்று எழுதி, சென்னையிலிருந்து இல்லை என்று வந்துவிட்டால் என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. லேபரட்டரியில் என் படிவத்தை வைத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒருவன் சிரிப்பானே என்பதும் இருந்தது. முடிவு வரும்வரை கருத்துச் சொல்ல இயலாது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சாயந்திரம் வைத்தியசாலைக்குத் திரும்பினேன். கண்ணாடித் துண்டுகளை, ரத்தம் ஒட்டிக்கொள்ள, ஸ்பிரிட் விளக்கில் காட்டிவிட்டு மேஜைமேல் வைத்தேன். படிவம் எழுத உட்காரும்போது ஒரு வண்டிக் குதிரையைக் கொண்டு வந்தார்கள். லாடம் அடித்த காலில் சீழ். வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வர அரைமணி ஆகியிருக்கும். திரும்பி வந்தால் மேஜைமேல் இரண்டு கண்ணாடிகளும் வெள்ளைத் துணிமேல் ஜம்மென்று படுத்திருந்தன. பளிங்கு போல் இருந்தன.

"ஒரே ரத்தக்கறையாக் கெடந்துச்சுங்க" என்றார் பெரியவர். "சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவி வச்சுட்டேன். போன வாரம் மாதிரி நீங்க வையக் கூடாதுல்ல?"

வழக்கமாக எனக்கு வரும் கோபம் வரவில்லை. வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். காலை மடித்து உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. எனக்கு அன்று நெஞ்சு அப்படி இருந்தது. அப்புறம் நெடுநாள் அப்படியே இருந்தது.

கண்ணாடி கழுவப்பட்டுவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. குழியைத் திரும்பத் தோண்டச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முதல் மாட்டின் தோல் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. அதில் ஒரு துண்டு வெட்டி அனுப்பலாம் என்று இரண்டு நாள் யோசித்து, சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"சீல் வச்சாச்சு சார். அதுலேர்ந்து ஒரு முடி பிடுங்கணும்னாலும் மாஜிஸ்திரேட்டு உத்தரவு வேணும். எதுக்கு? அன்னிக்குத்தான் ரத்தம் எடுத்தீங்களே?"

"சும்மா, இன்னும் ஒண்ணு இருந்தா நல்லதுன்னு."

திரும்பும்போது கம்பிக்குப் பின்னால் அடைபட்டிருந்தவர் கையைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். "கைய நீட்டு" என்றேன். கம்பி வழியாக நீட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு புண். நடுவில் கரித்துண்டு ஒட்டியது போல் கறுப்பு. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். கை கொஞ்சம் வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"வலியே இல்லைங்க சாமி. அரிப்புத்தான். ஏதாச்சும் வண்டு கடிச்சிருக்கும்."

அடைப்பான் புண் வலிக்காது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதற்கு முன்னால் படத்தில் பார்த்ததோடு சரி.

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த மூன்று நாளில் எனக்குள் அசைந்த ஒரே உணர்ச்சி அதுதான். தொலைந்துபோன ரத்த மாதிரிக்குப் பதில் இன்னொன்று கிடைத்துவிட்டது. மாட்டின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி இங்கே, என் கைக்கு எட்டுகிற தூரத்தில், உயிரோடு இருந்தது. பையில் கண்ணாடியும் விளக்கும் இருந்தன. கொப்புளத்தை ஊசியால் குத்தி, இரண்டு கண்ணாடியில் இழுத்து, விளக்கில் காட்டினேன்.

"எதுக்குங்க சாமி இது?"

"இது பட்டணத்துக்குப் போனா, நீ வீட்டுக்குப் போகலாம்."

அவர் முகம் மலர்ந்தது. சட்டென்று இன்னொரு கையையும் கம்பி வழியாக நீட்டினார். அந்தக் கையில் ஒன்றுமில்லை. "இதுலயும் எடுத்துக்கங்க சாமி" என்றார். வேண்டாம் என்று சொன்னேன்.

வெளியே வந்து சப் இன்ஸ்பெக்டரிடம், அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். என்ன வியாதி என்று எழுதிக் கொடுங்கள் என்றார். மனிதருக்கு நான் எழுதினால் செல்லாது என்றேன். அது உண்மைதான். நான் மாட்டு டாக்டர். "மாட்டுக்குக் கேட்டா லேபரட்டரிங்கிறீங்க. மனுசனுக்குக் கேட்டா மாட்டு டாக்டருங்கிறீங்க" என்று அவர் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு கேட்டு எழுத உட்கார்ந்தார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. உத்தரவு வர செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

அன்று சனிக்கிழமை மத்தியானம், தபால் கட்டுவதற்குள் படிவத்தை நிரப்பினேன். லேபரட்டரி மிருகங்களுக்கானது. மனிதனின் புண் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கழுவிப்போன கதையும் வெளியே வரும். அதோடு, வழக்குக்கு வேண்டியது மாட்டைப் பற்றிய முடிவு. ஆகவே மிருகத்தின் இனம் என்ற இடத்தில் காளை என்று எழுதினேன். நிறம் மயிலை. வயது ஏழு. நோயின் அறிகுறி என்ற கட்டத்தில், திடீர் மரணம் என்று எழுதினேன். அவர் அப்போது ஸ்டேஷனில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். வீக்கம் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியிருந்தது. கட்டிலோடு சங்கிலி போட்டு, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த டாக்டர் பார்த்தவுடன் அடைப்பான் என்று சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சென்னையில் இதற்கு ஒரு சீரம் இருக்கிறது, தந்தி கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமையே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். படுத்திருந்தவரின் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தவருக்கு ஜுரம். ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்தது.

"பட்டணத்துலேர்ந்து வந்துருச்சுங்களா சாமி?"

"இன்னும் இல்ல."

"வந்துரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

புதன்கிழமையும் போனேன். அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. அன்றைக்கு அவருக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். வரவில்லை. வார்டில் பினாயில் வாசனை கல்லூரியை ஞாபகப்படுத்தியது. நாளைக்குத் தபால் வருமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணித் தபாலில் கடிதம் வந்தது. சுருக்கமான கடிதம். அனுப்பிய மாதிரியில் அடைப்பான் கிருமி காணப்பட்டது. காளை இறந்தது அந்த நோயால். தோலைப் பயன்படுத்தக் கூடாது, எரித்துவிட வேண்டும். மாதிரி நல்ல முறையில் தயாரிக்கப்பட்டிருந்தது என்று கடைசியில் ஒரு வரி. அதை எடுத்துக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்குப் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று யோசித்து, ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டில் காலியாக இருந்தது. சங்கிலியைக் கான்ஸ்டபிள் மடித்துக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு உயிர் போய்விட்டதாம். உடம்பை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டு, அதுவும் முடிந்துவிட்டது.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலில், புளியமரத்தடியில் நின்றிருந்தார். அவருடைய தம்பி வண்டியோடு வந்திருந்தார். நான் கடிதத்தைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மாடு விஷத்தால் சாகவில்லை, அடைப்பான் வந்து செத்தது என்றேன். தோல் பற்றிய வரியைச் சொல்லவில்லை.

"அப்ப அவுக மேல குத்தமில்லைன்னு ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"இந்தக் காயிதத்த எனக்குக் குடுப்பீங்களா? அம்பலகாரவுககிட்டக் காட்டணும். ஊருக்குள்ள பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் இருக்கணும்ல?"

கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகலைப் பிற்பாடு எழுதிக் கொடுத்தேன். தன் புருஷனின் கையிலிருந்து எடுத்தது அந்தத் தாளில் ஏழு வயதுக் காளையாகப் பதிவாகியிருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவர் அதை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். வண்டிக்குப் போகிறவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னிக்கு மரத்தடியில நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன் சாமி. நீங்க காதக் கீறிப் பாத்தீகளே, அப்பவே ஒங்களுக்குத் தெரியலயா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"தெரிஞ்சுச்சு" என்றேன்.

 அந்த அம்மாள் வண்டியில் ஏறி, தம்பியிடம் போகலாம் என்றார்.